யாரு ஃப்ரீயா இருக்கா, மைக்கேல்?

ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 63 புள்ளிகள் எடுத்தும் தோற்றார் மைக்கேல் ஜோர்டன். அதே ஜோர்டன் பின்னால் ஆறு முறை சாம்பியன் ஆனார். நடுவில் என்ன நடந்தது? புள்ளிகளைக் குவிக்கும் நட்சத்திரம் ஓர் அணியின் ஆட்டத்துக்குள் பொருந்த முடியுமா?

1986 ஏப்ரல் 20, பாஸ்டன் கார்டன் அரங்கம். லாரி பேர்ட், கெவின் மெக்ஹேல், ராபர்ட் பாரிஷ் என்று ஜாம்பவான்கள் நிறைந்த செல்டிக்ஸ் ஒரு பக்கம். அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 67-ல் ஜெயித்த அணி அது. சொந்த ஊரில் ஒரே ஒரு முறைதான் தோற்றிருந்தது. இன்னொரு பக்கம், 52 ஆட்டங்களில் தோற்றுவிட்டு எப்படியோ பிளேஆஃபுக்குள் நுழைந்துவிட்ட சிகாகோ புல்ஸ். கால் எலும்பு முறிந்ததால் சீசனின் பெரும்பகுதியை வெளியே உட்கார்ந்து கழித்த 23 வயது மைக்கேல் ஜோர்டன், அன்று 53 நிமிடங்கள் கோர்ட்டில் நின்றார். 41 முறை கூடையைக் குறிவைத்து 22 முறை போட்டார். ஃப்ரீ த்ரோவில் 21-க்கு 19. மொத்தம் 63 புள்ளிகள். என்.பி.ஏ. பிளேஆஃப் வரலாற்றில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் எடுத்த அதிகபட்சம் இன்றும் அதுதான். ஜோர்டன் உருவத்தில் கடவுளே வந்து ஆடிவிட்டுப் போனதாக, எதிரணியின் லாரி பேர்ட் வாய்விட்டுப் பாராட்டினார்.

ஆட்டத்தில் ஜெயித்தது செல்டிக்ஸ். இரண்டு ஓவர்டைம்கள் தாண்டி 135-131. அதற்கடுத்த ஆட்டத்திலும் தோற்று, 0-3 என்ற கணக்கில் புல்ஸ் மூட்டை கட்டியது.

அடுத்த சீசனில் ஜோர்டன் இன்னும் ஆவேசமாக ஆடினார். மொத்தம் 3,041 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 37.1. அதற்கு முன் ஒரு சீசனில் மூவாயிரத்தைத் தாண்டியவர் வில்ட் சேம்பர்லின் ஒருவர்தான். புல்ஸின் கணக்கோ 40 வெற்றி, 42 தோல்வி. பிளேஆஃபில் மறுபடியும் செல்டிக்ஸ், மறுபடியும் 0-3.

அந்த நாட்களில் ஜோர்டனைப் பற்றி ஒரு பேச்சு அமெரிக்கா முழுக்க ஓடியது. பேர்டும் மேஜிக் ஜான்சனும் கூட ஆடுகிறவர்களை உயர்த்துகிறார்கள். ஜோர்டன் தன்னை மட்டும் உயர்த்திக்கொள்கிறார். இப்படி ஆடுகிறவரால் கோப்பையைத் தொட முடியாது என்பதுதான் அந்தப் பேச்சு. அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு பெரிய ஸ்கோரரும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறார். கோபி பிரையன்ட், அலென் ஐவர்சன், கார்மெலோ ஆன்டனி, கெவின் டியூரான்ட் என்று யாரும் தப்பவில்லை.

பொருந்த முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பாரத்தை முழுக்க நட்சத்திரத்தின் தலையில் மட்டும் ஏற்றுவது அநியாயம். பந்தைக் கொடுக்கிறவர் மாறுவதைப் போலவே, பந்தை வாங்குகிறவரும் அதற்குத் தயாராக வேண்டும். இந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கும் பயிற்சியாளருக்குப் பொறுமையும் பக்குவமும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் கோப்பை வந்திருக்கிறது. ஒன்று குறைந்த இடத்தில் திறமை மட்டும் தனியாக நின்று தவித்திருக்கிறது. ஜோர்டனின் கதை இந்த மூன்றையும் ஒருசேரக் காட்டுகிறது.

நாலு பேர் நின்று பார்த்த ஆட்டம்

1986 முதல் 1989 வரை புல்ஸின் தலைமைப் பயிற்சியாளர் டக் காலின்ஸ். துடிப்பானவர், ஜோர்டனின் அருமை தெரிந்தவர். அவர் காலத்தில் ஆட்டம் இறுகும்போதெல்லாம் புல்ஸிடம் இருந்த வழி ஒன்றுதான்: பந்தை ஜோர்டனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில். 1989-ல் ஜோர்டனை, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாகவே நிறுத்தியபோது, புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் தொடும் ட்ரிபிள் டபுள்களாகக் குவித்தார். அந்த வருடம் கிளீவ்லாந்துக்கு எதிராகக் கடைசி நொடியில் கிரெய்க் ஈலோவின் தலைக்கு மேல் அவர் போட்ட ஷாட்டை இன்றும் கொண்டாடுகிறோம்.

அந்த ஆட்டமுறைக்கு எதிரணி மருந்து கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் சிக்கல். டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் பயிற்சியாளர் சக் டேலி வகுத்த தடுப்புத் திட்டத்துக்கு 'ஜோர்டன் ரூல்ஸ்' என்றே பெயர். ஜோர்டன் நடுவில் பந்தை வாங்கினால் அவரை இடது பக்கமாகத் தள்ளு. ஓரத்தில் வாங்கினால் உடனே இரண்டாவது ஆள் ஓடிப் போ. எல்லோரையும் ஏமாற்றிவிட்டுக் கூடைக்கு அருகில் வந்துவிட்டால், சுலபமாகப் போடவிடாதே. உடம்பில் இடி, கீழே விழட்டும். ஜோ டுமார்ஸ் முன்னால் நின்று மல்லுக்கட்ட, பின்னால் பில் லேம்பியரும் டென்னிஸ் ராட்மனும் காத்திருப்பார்கள்.

இத்தனை பேர் ஜோர்டன்மேல் பாயும்போது புல்ஸின் மற்ற ஆட்கள் வெறுமனே நிற்க வேண்டியதில்லையே என்று தோன்றும். நிற்கத்தான் செய்தார்கள். பந்து தன்னிடம் வராது என்று தெரிந்த ஆட்டக்காரரின் கால் மெல்ல மெல்ல நின்றுவிடும். கால் நின்றவரைக் காவல் காப்பவருக்கு வேலை இல்லை. அவரும் தாராளமாக ஜோர்டனை நோக்கிப் போவார். கடைசி நொடியில் திடீரென்று பந்து வந்தால், அதுவரை பந்தையே தொடாத கை நடுங்கும். ஷாட் தவறும். அதைப் பார்த்து ஜோர்டனின் நம்பிக்கை இன்னும் குறையும். 1988, 1989, 1990 என்று மூன்று வருடங்கள் தொடர்ந்து புல்ஸை வீட்டுக்கு அனுப்பியது பிஸ்டன்ஸ். அந்த அணியின் முரட்டுத்தனத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நட்சத்திரம் உழைக்க, மற்ற நாலு பேர் வேடிக்கை பார்க்கும் அணியைத் தடுப்பது எளிது என்று அவர்கள் நிரூபித்ததும் அதே அளவுக்கு உண்மை.

ஒரு கிழவரும் அவருடைய முக்கோணமும்

1989-ல் காலின்ஸ் நீக்கப்பட்டு, அவருடைய உதவியாளராக இருந்த ஃபில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நியூயார்க் நிக்ஸ் அணியில் ரெட் ஹோல்ஸ்மனிடம் வளர்ந்தவர் ஜாக்சன். ஐந்து பேரும் பந்தைத் தொட்டு ஆடும் ஆட்டம்தான் அவர் கற்ற பள்ளிக்கூடம். சிகாகோவில் அவர் நம்பியது டெக்ஸ் வின்டர் என்ற முதியவரை.

வின்டர் 1922-ல் பிறந்தவர். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாம் பேரி என்ற பயிற்சியாளரிடம் கற்ற ஒரு ஆட்டமுறையைக் கன்சாஸ் ஸ்டேட் கல்லூரி அணியில் வருடக்கணக்கில் செதுக்கினார். 1962-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1985-ல் புல்ஸின் பொது மேலாளர் ஜெர்ரி கிராஸ் அவரை உதவிப் பயிற்சியாளராக அழைத்து வந்தார். நாலு வருடங்கள் அவருடைய முறையை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜாக்சன்தான் அதைக் கையில் எடுத்தார். முக்கோண ஆட்டம் என்று உலகம் இன்று சொல்வது அதைத்தான்.

முக்கோணம் எப்படி நடக்கிறது?

கோர்ட்டின் ஒரு பக்கத்தில் மூன்று பேர் முக்கோணமாக நிற்பார்கள். கூடைக்கு அருகே ஒருவர், அது போஸ்ட். பக்கவாட்டில் ஒருவர், மூலையில் ஒருவர். எதிர்ப்பக்கத்தில் மீதி இரண்டு பேர். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே ஏறக்குறைய 15 முதல் 18 அடி. இந்த இடைவெளிதான் முறையின் உயிர். இரண்டு பேர் நெருங்கி நின்றால் ஒரே தடுப்பாளர் இருவரையும் பார்த்துக்கொள்வார். விலகி நின்றால், ஒருவரை மறிக்கப் போகிறவர் இன்னொருவரை விட்டுவிட்டுத்தான் போயாக வேண்டும்.

இதில் மனப்பாடம் செய்ய வேண்டிய காட்சிகள் அதிகம் இல்லை. பக்கவாட்டில் இருப்பவர் போஸ்டுக்குப் பந்தைத் தள்ளுவார். தள்ளிய கையோடு கூடையை நோக்கி வெட்டி ஓடுவார். அவரைத் தடுப்பவர் பின்னால் போனால் மூலையில் நிற்பவருக்கு வழி. போகாவிட்டால் ஓடியவருக்கே பந்து. போஸ்டை மறைத்துவிட்டார்களா? எதிர்ப்பக்கம் பந்து போய், அங்கே இருவர் ஆட்டம் தொடங்கும். கச்சேரியில் பாடகர் ஒரு இடத்தில் நிறுத்த, அந்தச் சங்கதியை வயலின் வாங்கித் தொடர்கிற மாதிரி, ஒருவர் செய்ததை வைத்து அடுத்தவர் செய்ய வேண்டியது அந்தக் கணத்தில் முடிவாகும். அதனால் ஐந்து பேருக்குமே தடுப்பை வாசிக்கத் தெரிந்தாக வேண்டும். ஒருவர் தூங்கினால் முக்கோணம் குலைந்துவிடும்.

எட்டுப் புள்ளிக் கணக்கு

ஜோர்டனுக்கு இது முதலில் பிடிக்கவே இல்லை. எல்லோருக்கும் சம வாய்ப்பு தரும் ஆட்டமாம் என்று அவர் சலித்துக்கொண்டது அணிக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2020-ல் வெளியான 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத் தொடரிலும் அவர் அதை மறைக்கவில்லை. ஐந்து நொடிகள் மிச்சம் இருக்கும்போது பந்து பில் கார்ட்ரைட் கையில் இருப்பதைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கார்ட்ரைட், ஜோர்டனின் நண்பர் சார்ல்ஸ் ஓக்லியைக் கொடுத்து புல்ஸ் வாங்கிய சென்டர் என்பதும் அந்தக் கசப்பில் கலந்திருந்தது.

ஜாக்சன் அவரை அணுகிய விதம் எல்லாப் பயிற்சியாளரும் படிக்க வேண்டிய பாடம். அணி முன்னால் வைத்து அவர் ஜோர்டனுக்கு உபதேசம் செய்யவில்லை. தனியாகக் கூப்பிட்டார். லீக்கில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் இருக்கும் அணி கோப்பை வெல்வது மிக அபூர்வம் என்பதைச் சொன்னார். உண்மையும் அதுதான். 24 நொடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்ற கடிகார விதி 1954-ல் வந்த பிறகு அதுவரை அப்படி நடந்தது ஒரே முறை, 1971-ல் மில்வாக்கிக்காக ஆடிய கரீம் அப்துல் ஜபார் காலத்தில். பந்து மற்றவர்கள் கைக்கும் போக வேண்டும், உன் சராசரி கொஞ்சம் இறங்கலாம் என்றார் ஜாக்சன்.

ஜோர்டன் இரண்டு விஷயம் சொன்னதாக ஜாக்சன் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். சிலர் கைக்குப் பந்து போனால் அவர்களுக்குச் சரியாக முடிவெடுக்கத் தெரியாது, அங்கே சிக்கல் வரும் என்பது ஒன்று. 32 புள்ளிகள் தன்னால் எடுக்க முடியும், குவார்ட்டருக்கு எட்டுதானே என்பது இன்னொன்று. அப்படியென்றால் அதில் சிலவற்றை ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளேன் என்று ஜாக்சன் பதில் சொன்னார்.

இந்த உரையாடலில் இருவருமே ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். ஜோர்டன் புள்ளி எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று ஜாக்சன் கேட்கவில்லை. எப்போது, எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதைத்தான் மாற்றச் சொன்னார். ஜோர்டனும் தன் சந்தேகத்தை மறைத்துக்கொண்டு தலையாட்டவில்லை. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. 1990-ல் பிஸ்டன்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கடுமையான ஒற்றைத் தலைவலியோடு ஆடிய புல்ஸின் ஸ்காட்டி பிப்பென், எடுத்த பத்து ஷாட்டில் ஒன்றைத்தான் போட்டார். புல்ஸ் 93-74 என்று நொறுங்கியது. நம்பு என்று சொல்வது சுலபம். நம்புகிற அளவுக்கு மற்றவர்களும் வளர வேண்டும்.

அடுத்த சீசனில் வளர்ந்தார்கள். பிப்பென் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தப் பழகினார். ஹொரேஸ் கிராண்ட் கூடைக்கு அடியில் தூணாக நின்றார். கார்ட்ரைட் எதிரணி சென்டர்களைத் தடுக்கும் வேலையை ஓசையில்லாமல் செய்தார். ஜோர்டனின் கணக்கும் மாறியது. 1986-87-ல் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 28 ஷாட். 1990-91-ல் 22-க்குச் சற்று மேல். அப்போது நூற்றுக்கு 48 கூடையில் விழுந்தது, இப்போது 54. சராசரி 31.5 புள்ளிகள். அந்த வருடமும் லீக்கில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். சுலபமான ஷாட்கள் கூடியிருந்தன, வியர்வை குறைந்திருந்தது. புல்ஸ் 61 ஆட்டங்களில் ஜெயித்தது. பிளேஆஃபில் பிஸ்டன்ஸை 4-0 என்று துடைத்தெறிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எந்த நொடியில் ஜோர்டன் கைக்குப் பந்து வரும் என்று தெரியாததால், 'ஜோர்டன் ரூல்ஸ்' பலிக்கவில்லை.

1991 ஜூன் 12: கடைசி நாலு நிமிடம்

ஃபைனல்ஸில் எதிரணி மேஜிக் ஜான்சனின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். முதல் ஆட்டத்தில் தோற்ற புல்ஸ் அடுத்த மூன்றையும் வென்றிருந்தது. ஐந்தாவது ஆட்டம் லேக்கர்ஸின் சொந்த அரங்கில். நாலாவது குவார்ட்டரில் ஆட்டம் சரிக்குச் சரியாகப் போகிறது. ஜோர்டன் பந்தோடு உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் லேக்கர்ஸ் ஆட்கள் தங்கள் இடத்தை விட்டு அவரைச் சூழ்கிறார்கள். அதிலும் புல்ஸின் ஜான் பாக்ஸனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவரை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்.

ஜாக்சன் டைம்-அவுட் எடுத்தார். பலகையில் படம் எதுவும் போடவில்லை. ஜோர்டனைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: யாரு ஃப்ரீயா இருக்கா, மைக்கேல்? ஜோர்டன் உடனே வாய் திறக்கவில்லை. மறுபடியும் அதே கேள்வி. பாக்ஸன் என்றார் ஜோர்டன். அப்படின்னா அவன்கிட்ட பந்தைக் கொடு.

அந்தப் பதிலை ஜாக்சனே சொல்லியிருக்கலாம். அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான். கேட்டு, ஜோர்டன் வாயாலேயே வரவழைத்ததில்தான் அவருடைய திறமை இருக்கிறது. கட்டளையாக வந்திருந்தால் அது ஒரு நட்சத்திரத்தை அடக்கும் முயற்சியாகப் போயிருக்கும். ஜோர்டனே கண்ணால் பார்த்து வாயால் சொன்னதால் அது அவருடைய முடிவாகிவிட்டது.

பிறகு அப்படியேதான் நடந்தது. ஜோர்டன் உள்ளே பாய்வார், தடுப்பு அவரை நோக்கிச் சுருங்கும், பந்து வெளியே வரும், ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கமாக ஒதுங்கி நிற்கும் பாக்ஸன் அதை வாங்கிய வேகத்திலேயே எறிவார். கடைசி நாலு நிமிடத்தில் மட்டும் பாக்ஸன் 10 புள்ளிகள் எடுத்தார், மொத்தம் 20. அந்த இரவு பிப்பென் 32 புள்ளிகள். ஜோர்டன் 30 புள்ளிகளோடு பத்து அசிஸ்ட், அதாவது கூடையில் விழ வழிசெய்த பாஸ். புல்ஸ் 108-101. அவர்களுடைய முதல் கோப்பை. அந்த ஃபைனல்ஸ் முழுக்க ஜோர்டனின் அசிஸ்ட் சராசரி 11.4. ஒரு பாயின்ட் கார்டு பெருமைப்படக்கூடிய எண் அது. லீக்கின் முதல் ஸ்கோரர் கையிலிருந்து வந்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் கெர்

1997 ஃபைனல்ஸ், யூட்டா ஜாஸுக்கு எதிராக ஆறாவது ஆட்டம். அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் பாக்கி, 86-86. டைம்-அவுட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோர்டன் பக்கத்தில் இருந்த சக வீரர் ஸ்டீவ் கெரிடம், ஜான் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என்மேல் வருவான், தயாராக இரு என்கிறார். கெரும் தயார் என்கிறார். இது கேமராவில் பதிவாகியிருக்கிறது. சொன்ன மாதிரியே ஸ்டாக்டன் வந்தார், பந்து கெரிடம் போனது, ஐந்து நொடி மிச்சம் இருக்கும்போது கெரின் ஷாட் விழுந்தது. புல்ஸுக்கு ஐந்தாவது கோப்பை.

இந்த நம்பிக்கை பேச்சில் முளைத்ததில்லை. 1995-ல் ஒரு பயிற்சியின்போது ஜோர்டனும் கெரும் மோதிக்கொள்ள, ஜோர்டன் கெர் முகத்தில் குத்தியே விட்டார். பின்னால் ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார். கெர் பின்வாங்காமல் எதிர்த்து நின்றதால்தான் அன்றிலிருந்து தங்களுக்குள் மரியாதை வந்தது என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள். குத்துவதை நான் நியாயப்படுத்தவில்லை, அது தவறுதான். கடைசி நொடியில் யாரிடம் பந்தைக் கொடுக்கலாம் என்பதை ஜோர்டன் கேமரா இல்லாத பயிற்சி நேரங்களில், அவர்களுடைய நிமிர்வைப் பார்த்து முடிவு செய்தார் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கெர் பின்னால் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் பயிற்சியாளர் ஆனார். 2018-ல் ஹூஸ்டனுக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில், தனியாகவே புள்ளி எடுக்க முயன்றுகொண்டிருந்த டியூரான்டிடம் அவர் டைம்-அவுட்டில் சொன்ன கதை, ஜாக்சனும் ஜோர்டனும் பாக்ஸனும் வரும் அதே கதைதான். வாரியர்ஸ் அந்தச் சுற்றையும் கோப்பையையும் வென்றது.

வில்ட்: இதற்கும் முன்னால் ஒருவர்

ஜோர்டனுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர் சேம்பர்லின். 1961-62-ல் அவருடைய சராசரி 50.4 புள்ளிகள், யாரும் இனி நெருங்க முடியாத எண். லீக்கில் தொடர்ந்து ஏழு முறை முதல் ஸ்கோரர். ஆனாலும் கோப்பை இல்லை. 1966-67-ல் ஃபிலடெல்ஃபியாவில் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹன்னம் அவரைப் பந்தைப் பகிரச் சொன்னார். சராசரி 24.1-க்கு இறங்கியது, அசிஸ்ட் 7.8 ஆனது. ஷாட்டில் நூற்றுக்கு 68 விழுந்தது. அணி 68 ஆட்டங்களில் ஜெயித்து, பாஸ்டனின் எட்டு வருடத் தொடர் ஆதிக்கத்தை முடித்துவைத்து, சாம்பியன் ஆனது. ஹால் கிரீர், செட் வாக்கர், பில்லி கன்னிங்ஹாம் போன்ற கைகள் சுற்றிலும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே முக்கோணம், வேறு முடிவு

கோபி பிரையன்டின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2005-06-ல் கோபியின் லேக்கர்ஸுக்கும் ஜாக்சன்தான் பயிற்சியாளர், முக்கோணம்தான் ஆட்டமுறை. கோபியின் சராசரி 35.4, ஜனவரி 22 அன்று டொரன்டோவுக்கு எதிராக 81 புள்ளிகள். ஆனால் பிளேஆஃபில் ஃபீனிக்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்தும் முதல் சுற்றிலேயே லேக்கர்ஸ் வெளியேறியது. 2008 பிப்ரவரியில் பவ் காசோல் வந்தார். போஸ்டில் நின்று பந்தை வாங்கி, பார்த்து, சரியான ஆளுக்குத் தரத் தெரிந்த பெரிய ஆள். அதே பயிற்சியாளர், அதே முறை, அதே கோபி. 2009, 2010 இரண்டிலும் கோப்பை.

2010-ன் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்கு எதிராக கோபி 24 ஷாட்டில் ஆறுதான் போட்டார். தன் நாள் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் ரீபவுண்டுக்குப் போனார், 15 எடுத்தார். ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது பந்தை ரான் ஆர்டெஸ்டிடம் கொடுத்தார். ஆர்டெஸ்டின் மூன்று புள்ளி ஷாட் விழுந்தது. கோபி எனக்குப் பாஸ் கொடுத்தார் என்று ஆட்டம் முடிந்து ஆர்டெஸ்ட் குழந்தை மாதிரி கூவிக் கூவிச் சொன்னார். நட்சத்திரம் காட்டும் நம்பிக்கை, வாங்குகிறவரை எந்த உயரத்துக்குக் கொண்டுபோகும் என்பதை அந்தக் குரலில் கேட்கலாம்.

மறுபக்கமும் உண்டு. ஐவர்சனுக்காக லாரி பிரவுன் ஓர் அணியையே வடிவமைத்தார். ஆறடி உயரமே இருந்த அவரைப் புள்ளி எடுக்க விட்டு, சுற்றிலும் கடுமையாகத் தடுக்கக்கூடியவர்களை நிறுத்தினார். அது 2001-ல் ஃபிலடெல்ஃபியாவை ஃபைனல்ஸ் வரை கொண்டுபோனது. முதல் ஆட்டத்தில் ஐவர்சன் 48 புள்ளிகள் எடுத்து லேக்கர்ஸையே வீழ்த்தினார். அடுத்த நாலிலும் தோல்வி. அவர் வயது ஏறி, அணிகள் வேறு வேலை கேட்டபோது, பெஞ்சிலிருந்து வரும் பாத்திரத்தை அவரால் ஏற்க முடியவில்லை. 2009-ல் மெம்ஃபிஸில் மூன்றே ஆட்டங்களோடு விலகினார். அவ்வளவு சின்ன உடம்போடு அவ்வளவு பெரிய இதயத்தைக் காட்டிய ஒருவருக்கு அந்த முடிவு மனதை வலிக்கச் செய்கிறது.

கார்மெலோ ஆன்டனியோ ஒலிம்பிக்கில் எந்த முறைக்கும் அழகாகப் பொருந்தினார். 2012 லண்டனில் நைஜீரியாவுக்கு எதிராக 14 நிமிடத்தில் 37 புள்ளிகள், அதுவும் மற்றவர்கள் தந்த பந்துகளில் நின்று எறிந்து. நியூயார்க்கில் ஜாக்சனே தலைவராக வந்து முக்கோணத்தைக் கொண்டுவந்த 2014-15 சீசனில் நிக்ஸின் கணக்கு 17 வெற்றி, 65 தோல்வி. முழங்கால் காயத்தால் கார்மெலோ பாதி ஆட்டங்களில் இல்லை. பந்தை வாசிக்கத் தெரிந்த கைகளும் அணியில் போதவில்லை. ஆட்டமுறையின் பெயரை மட்டும் கொண்டுவந்து வைத்தால் அது வேலை செய்யாது என்பதற்கு அந்த சீசன் சாட்சி. அதே முறைக்கு 1993-94 எதிர்ச் சாட்சி. ஜோர்டன் இடையில் ஓய்வு பெற்றுப் போயிருந்த அந்த சீசனில், முந்தைய வருடம் 57 ஆட்டங்களில் ஜெயித்த புல்ஸ், அவர் இல்லாமல் 55-ல் ஜெயித்தது. மற்ற நாலு பேரும் எவ்வளவு வளர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை.

என்ன கேட்க வேண்டும், யாரிடம்?

ஸ்கோரர் கோப்பை வெல்வது இன்றும் அபூர்வம்தான். ஜோர்டனின் ஆறு முறைக்குப் பிறகு 2000-ல் ஷகில் ஓ'நீல், அதன்பின் 2025-ல் ஒக்லஹோமா சிட்டியின் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், அவ்வளவுதான். ஷேயின் சராசரி அந்த சீசனில் 32.7. இந்தியானாவுக்கு எதிரான ஃபைனல்ஸின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்தவர் அவருடைய கூட்டாளி ஜேலன் வில்லியம்ஸ். ஏழாவது ஆட்டத்தில் ஷேயின் ஷாட்கள் சரியாக விழவில்லை, 27-க்கு எட்டுதான். ஆனால் 12 அசிஸ்ட் தந்திருந்தார். கோப்பை அவர்களுக்கு.

இந்த வரலாற்றை வரிசையாகப் பார்க்கும்போது, சுயநலக்காரர் என்ற முத்திரையை நாம் எவ்வளவு அவசரப்பட்டுக் குத்துகிறோம் என்று புரிகிறது. திறமைசாலி ஒருவர் எல்லாவற்றையும் தானே சுமப்பது பல நேரம் அகங்காரத்தால் இல்லை. இறக்கி வைக்க நம்பகமான தோள் ஒன்று பக்கத்தில் இல்லாததால். அவரைத் திட்டுவதற்கு முன், அந்தத் தோளை யார் உருவாக்கியிருக்க வேண்டும் என்று நிர்வாகத்தையும் பயிற்சியாளரையும் கேட்க வேண்டும். காசோல் வந்தபின் கோபி மாறினார். பிப்பென் வளர்ந்தபின் ஜோர்டன் மாறினார்.

அதற்காக நட்சத்திரத்தின் பொறுப்பு கழன்றுவிடாது. தோள் கிடைத்த பிறகும் இறக்கி வைக்காதவர்கள் உண்டு. முதல் ஷாட் தவறியவுடன் அந்த ஆளுக்குப் பந்தே தராமல் விடுகிறவர்கள் உண்டு. பாக்ஸனின் முதல் ஷாட் தவறியிருந்தாலும் ஜோர்டன் இரண்டாவது பந்தை அவரிடமே கொடுத்திருக்க வேண்டும். அணி ஆட்டம் என்பது அந்த இரண்டாவது பாஸில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் சில தோல்விகளைத் தாங்கித்தான் அதற்குப் பழக முடியும். 1990-ல் முக்கோணத்தோடு தோற்றபோது, இது வேலைக்காகாது என்று ஜோர்டன் தூக்கி எறிந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இன்னொரு வருடம் பொறுத்தார். ஆறு கோப்பைகளும் அந்தப் பொறுமைக்குப் பின்னால்தான் வந்தன.